தையல் மிஷின் கொடுத்து வாங்கிய ரேஸ் வண்டி

கல்யாணச் சீராக வந்த தையல் மிஷினைக் கொடுத்துவிட்டு, ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த மருமகள் போர்ட் பிளேரில் அன்றும் இன்றும் ஒருத்திதான். அது நான். இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் முடிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். "அப்போ எனக்கு வயசும் பத்தல, புத்தியும் பத்தல" என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. புத்தி இப்போது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அப்போதும் இருந்தது. (அது எவ்வளவு என்று யாரும் அளக்க வர வேண்டாம்.)

நாங்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் சூசைக்கு லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், எஞ்சின் டிரைவர் வேலை கிடைத்து அவர் அந்தமானுக்கு வந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. பின்னாலேயே நானும் மாமியும் கப்பல் ஏறினோம். (எங்கள் பக்கத்தில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவோம்.) போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு. சூசை ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். ரோசம்மாள் மாமியின் பேச்சை ஏற்றுவதற்கு மெயின்லேண்டு கப்பலின் சரக்கு அறை வேண்டும். நடுவில் நான், என் கை மிஷினை வைத்துக்கொண்டு ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே தைப்பேன். ஆனால் ஒரே அளவில் நாற்பது நீலப் பாவாடை தைத்துப் பாருங்கள். நாற்பத்தொன்றாவது பாவாடையின்போது உங்களுக்கும் ஏதாவது ஒன்றைக் கொளுத்தத் தோன்றும்.

அந்தக் காலத்தில் கல்யாண வீட்டார் தையற்காரியையே மிஷினோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படித்தான் சௌல்தாரி என்ற கிராமத்துக்குப் போனேன். ஹமீதா ஆபா என்ற விதவையின் மகளுக்குக் கல்யாணம். ஆபா குடும்பம் ‘லோக்கல் பார்ன்’. அதாவது எங்களைப் போல நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் இல்லை. கைதிகளாக வந்து, தண்டனை முடிந்து, இந்த மண்ணிலேயே குடும்பம் நடத்தியவர்களின் வழி வந்தவர்கள். அவர்கள் வீட்டில் பேச்சு ஹிந்துஸ்தானி. எனக்குத் தெரிந்த ஹிந்தி கடைத்தெருவுக்கும் பஸ்ஸுக்கும் காணும். ஆபாவுக்கு அது போதுமாயிருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தைத்து முதுகு வலிக்கிறதே என்று எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தேன். அங்கேதான் அது நின்றது. சைக்கிளைவிடக் கொஞ்சம் தடித்த உடம்பு. நீண்ட டாங்க். தாழ்ந்து வளைந்த ஹாண்டில். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. உதைத்து ஸ்டார்ட் செய்கிற கட்டையும் இல்லை. எஞ்சினுக்கு முன்னால் காபிக்கொட்டை அரைக்கிற மிஷின் மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சீட்டில் ஒரு கறுப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் கோழி என்னை முறைத்தது. நானும் முறைத்தேன்.

பார்த்த மாத்திரத்தில் அது எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். ஆண்கள் எத்தனையோ உதவாத சாமான்களை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். அவர்களை யாரும் உட்காரவைத்து ஏன் என்று கேட்பதில்லை.

ஆபாவிடம் விசாரித்தேன். கதை வந்தது. ஆபாவின் கணவர் ரஹீம் வெள்ளைக்கார மர வியாபாரி ஒருவரிடம் கார் டிரைவராக இருந்தவர். அந்தத் துரை ரங்கூனிலிருந்து வந்தபோது இந்த வண்டியையும் கப்பலில் கொண்டுவந்தார். சீமையில் பந்தயத்துக்கென்றே செய்து பார்த்த வண்டி, இதைப் போல உலகத்தில் நாலைந்துகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொல்வாராம். சௌல்தாரி ரோட்டில் ஒரே ஒரு தடவை ஓட்டினார். ஒரே ஒரு தடவை நெல் வயலுக்குள் போனார். தோள் எலும்பு முறிந்து கட்டுப்போட்ட பிறகு, அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். ஊரில் சக்கரம் வைத்ததையெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ரஹீம் இரண்டு சக்கரத்தையும் கழற்றி வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டு, உடம்பை மாட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மேலே கனமாகச் சாணியைப் பூசிவிட்டார். தேட வந்த சிப்பாய் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்தானாம். முனையில் சாணி ஒட்டியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டான். சண்டை முடிந்ததும் சக்கரங்களைத் திரும்ப மாட்டி வைத்தார். துரை திரும்பவில்லை. ரஹீமும் போய்ச் சேர்ந்தார்.

"இஸ் பர் முர்கி அண்டா தேத்தி ஹை, பஸ்" என்றார் ஆபா. இதன் மேல் கோழி முட்டை போடுகிறது, அதைத் தவிர வேறு உபயோகம் இல்லை என்று அர்த்தம்.

அதைச் சொல்லும்போது ஆபாவின் கண் என் தையல் மிஷின் மேல் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. பேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை. கல்யாணத் துணியெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு மிஷினைத் தாழ்வாரத்திலேயே வைத்தேன். கோழியை ஆபாவே தூக்கி இறக்கிவிட்டார். கட்டை ஏற்றிப்போகும் லாரி ஒன்றில் வண்டியும் நானும் மின்னி பே வந்து சேர்ந்தோம்.

மாமி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். லாரியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கையில் மிஷின் இல்லை. அதன்பிறகு நடந்ததை முழுசாக எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் அப்பா தொடங்கி எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வரைக்கும் யாரையும் மாமி விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் சூசை வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காபி மிஷின் சாமானை விரலால் தொட்டார். அது காற்றைப் பிடித்து எஞ்சினுக்குள் திணிக்கிற பம்பு என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். (எனக்குச் சொன்னது ஒரு வாரம் கழித்து.) அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது "யம்மா" என்ற ஒரே சொல். அம்மாவைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மாமி, "என்னலே" என்றார். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மாமி தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் வண்டி ஓட வேண்டும், அதுவும் ஊர் பார்க்க ஓட வேண்டும். ஓடாவிட்டால் எஞ்சினைக் கழற்றி மாமியின் தம்பி மகனுடைய டோங்கிப் படகில் மாட்டிவிடுவது. நான் சௌல்தாரிக்குப் போய் ஆபாவின் காலில் விழுந்தாவது தையல் மிஷினைத் திரும்ப வாங்கி வருவது. எஞ்சின் போனால்கூட அழுதுவிட்டு இருந்துவிடுவேன். ஆனால் திரும்பிப் போய்க் கேட்பது என்னால் ஆகாது. அதனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே வழியும் பிறந்தது. ஜீப்பில் குழாய் கட்டிக்கொண்டு ஒருவர் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். டிசம்பரில் மைதானத்தில் விளையாட்டு விழா. கபடி, கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம். கூடவே "மோட்டர் சைக்கிள் ரேஸ் ஹோகா" என்றார், ரேஸ் நடக்கும் என்று. இந்த வாக்கியத்துக்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்ததாம். அன்றைக்குக் காற்று கடலிலிருந்து பலமாக அடித்தது. எனக்குக் கேட்டது ‘ரேஸ்’ மட்டும்தான். ரேஸுக்கென்று பிறந்த வண்டி ஒன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும்போது வேறு எந்தச் சொல் எனக்குக் கேட்கும்?

வேலையை ஆரம்பித்தோம். லாஞ்சிலிருந்து வந்ததும் சூசை விளக்கு வைக்கும்வரை எஞ்சினோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு திருகாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் திரும்ப மாட்டினார். வெறும் பெட்ரோல் ஊற்றினால் அந்த எஞ்சின் இருமிவிட்டுப் படுத்துவிடும். நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டைக் கலந்தால் விழித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். மோட்டார் ஆயிலும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கெண்ணெய்தான் கேட்டது. மாமி தலைக்கும் வயிற்றுக்குமாக ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெய்ப் போத்தல் ஒரு நாள் காலியாகக் கிடந்தது. "வண்டிக்குமா மலச்சிக்கல்" என்று கேட்டார் மாமி. அதன்பிறகு இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. (அந்த இரண்டு நாளும் வீடு ஓய்வு எடுத்தது.)

யார் ஓட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. சூசை ஆறடி. அந்த வண்டியில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். அதோடு அதைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் தள்ளி அவர் உட்காருவதா, அவர் தள்ளி நான் உட்காருவதா? கணக்குச் சுலபம். சூசையின் சிநேகிதர் ஒருவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் கடலோரமாக ஓட்டிப் பழகினேன். இரண்டு தடவைதான் விழுந்தேன். ஆனால் எங்கள் வண்டியைத் தரையில் ஓட்டிப் பார்க்கவில்லை. டயர் இரண்டும் பழசாகி வெடிப்பு விட்டிருந்தன. வேறு டயர் இந்தத் தீவில் கிடையாது. இருப்பதை ரேஸுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று சூசை சைகையிலேயே சொல்லிவிட்டார். அதனால் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்ததோடு சரி. அதுவே மின்னி பே முழுக்க நாய்களைக் கிளப்பிவிட்டது.

விழா நாள் வந்தது. சூசையின் காக்கி கால்சட்டையை எனக்கு அளவாகக் கையாலேயே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டார். மைதானத்துக்கு வர முடியாது, அந்தக் கண்றாவியைப் பார்க்கத் தன் கண்ணுக்குத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டு, கருவாட்டைப் பரப்ப உட்கார்ந்துவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் ஷாதிபூர் வழியாக மேடேறினோம்.

மைதானத்தில் ஏற்கனவே நான்கு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. எல்லாம் வேலைக்குப் போய்வருகிற வண்டிகள். ஒன்றில் மருந்துப் பெட்டிகூடக் கட்டியிருந்தது. அது மண்டல் பாபுவினுடையது. அவர் பெங்காலி, டிஸ்பென்சரியில் கம்பவுண்டர், ஈயைக்கூட ஓங்கி அடிக்க மாட்டார். இவர்களையா நான் தோற்கடிக்க வேண்டும் என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. தரையில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டிருந்தார்கள். ஆரம்பக் கோட்டிலிருந்து பார்த்தால் முடிவுக் கோடு கல்லெறி தூரத்தில் இருந்தது. இவ்வளவு சின்ன ரேஸா என்று சூசையிடம் கேட்டேன். அவர் முகம் மாறியிருந்தது. அவர் நடுவரின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மீசைக்காரர். விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வண்டி நிற்கக் கூடாது. முடிவுக் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவருக்குத்தான் பரிசு. இது ஸ்லோ ரேஸ்.

காற்று தின்றுவிட்டுப் போன அந்த இன்னொரு சொல் இதுதான்.

சூசை என்னைப் பார்த்தார். "போயிரலாம்" என்றார். நியாயமான யோசனை. உலகத்திலேயே வேகமாகப் போவதற்கென்று செய்த வண்டியை, நத்தை மாதிரி போகிறவருக்குப் பரிசு தருகிற பந்தயத்தில் விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போனால் மாமி இருக்கிறார். மாமிக்கு அப்புறம் சௌல்தாரி. தவிர, கால்சட்டை போட்டுக்கொண்டு வந்த பெண்ணைப் பார்க்க மைதானத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போவதா? "தள்ளுங்க" என்றேன்.

தள்ளினார். கூட இரண்டு பேர் தள்ளினார்கள். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு தும்மல் தும்மி, பிறகு அலறியது. அலறல் என்றால் சாதாரண அலறல் இல்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள். மைதானம் முழுக்க விளக்கெண்ணெய் வாசனை பரவியது. அம்மாமார் விளக்கெண்ணெய் கொடுத்து வளர்த்த குழந்தைகள் அத்தனையும் அந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டன.

கிளட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்றேன். சத்தம் கொஞ்சம் குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும், நின்றால் நான் ஆட்டம் இழந்தேன். அதனால் முறுக்கிக்கொண்டே இருந்தேன். கிளட்சிலிருந்து புகை வந்தது. நடுவர் விசில் ஊதினார். மற்ற நான்கு பேரும் இடமும் வலமும் ஆடிக்கொண்டு, கல்யாண வீட்டில் பாயசம் தூக்கிப் போகிறவர்கள் மாதிரி நகர்ந்தார்கள். நானும் கிளட்சை ஒரு நூல் அளவு விட்டேன். ஒரு நூல்தான். சத்தியம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, முடிவுக் கோடு எனக்குப் பின்னால் இருந்தது.

ஆக்ஸிலேட்டரைத் திருப்பி மூடினேன். கைப்பிடி திரும்பியது, எஞ்சினுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்த கம்பி திறந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். பிரேக் என்ற பெயரில் இருந்தது ரஹீம் காலத்துத் தூசி. கிளட்சைப் பிடித்தேன். எஞ்சின் போட்ட கத்தலில் வெடித்துவிடப்போகிறது என்று பயந்து விட்டுவிட்டேன். எஞ்சினை அணைக்க ஹாண்டிலில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, அதை முதல் நாளே சொன்னேன் என்கிறார் சூசை. சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

எதிரே பரிசு மேஜை. அதை விட்டு விலகினேன், மேஜை விரிப்பு என் காலில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. கயிறு இழுக்கிறவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் சாய்ந்தார்கள். வாசல் திறந்திருந்தது. வெளியே போனால் இறக்கம். ஷாதிபூர் இறக்கத்தில், காலில் வெள்ளை விரிப்புப் பறக்க, நான் போன வேகத்தை இன்றுவரை அந்த ரோட்டில் யாரும் தொடவில்லை என்று நம்புகிறேன். பயமாக இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. நாற்பது நீலப் பாவாடையும் என் தலைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பறந்து போய்க்கொண்டிருந்தன. அப்படி ஒரு லேசு.

எங்கள் வீடு வந்தது. மாமி கருவாட்டுப் பாயிலிருந்து நிமிர்ந்தார். நான் "மாமி" என்று கத்தினேன். (மாமி இதை ஒத்துக்கொண்டதே இல்லை. நான் "சேசுவே" என்று கத்தியதாகத்தான் கடைசிவரை சொன்னார்.) வீடு போனது. ரோடு முடிந்தது. நேரே படகுத்துறை, இடப்பக்கம் சேற்றில் நிற்கிற கண்டல் மரங்கள். இடப்பக்கம் திருப்பினேன். கடல் வற்றியிருந்த நேரம். வண்டி சேற்றுக்குள் ஹாண்டில்வரை இறங்கி, கடைசியாக ஒரு பெரிய குமிழி விட்டு அடங்கியது. நான் அதற்கு அப்பால் நாலு முழம் பறந்து, முகம் முன்னால் போக விழுந்தேன்.

சேற்றில் ஒரு நன்மை உண்டு, எலும்பு முறியாது. எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தபோது மாமி கரையில் நின்றார். மூச்சு வாங்கியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏட்டி" என்றார், குரலே மாறியிருந்தது. "ஓடுதுட்டி. வண்டி ஓடத்தான செய்யுது."

நான் தலையை ஆட்டினேன். வாயில் சேறு.

"மத்தவனுவள எங்க காணோம்? ஒருத்தனும் உன் பின்னால வரலியே. அப்போ நீதான முதல்ல?"

இந்த இடத்தில் நான் ஸ்லோ ரேஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் மாமி சேற்றில் இறங்கி என் கையைப் பிடித்துவிட்டார். பரிசு கொடுத்து முடிப்பதற்குள் போக வேண்டும், இந்த ஊரில் நாம் பிந்தினால் நம் பங்கை வேறு ஆள் கொண்டுபோய்விடுவான் என்று சொல்லிக்கொண்டே என்னை மேட்டில் இழுத்தார். ஷாதிபூர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. நான் தலை முதல் கால் வரை சேறு. மாமி கையில் கருவாட்டுச் செதிள். எதிரே ஓடி வந்த சூசை எங்களைக் கண்டதும் நின்றார். என்னைத் தொட்டுப் பார்த்து முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டதும், பின்னாலேயே வந்தார்.

பரிசு கொடுக்கிற நேரம்தான். விரிப்பு இல்லாத மேஜை. ஸ்லோ ரேஸில் ஜெயித்த மண்டல் பாபு ஒரு சிவப்புத் தெர்மாஸ் பிளாஸ்க்கை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே நடுவரிடம் போனார். என் மருமகள் முதலில் வந்தாள், பரிசை அந்த ஆளிடம் ஏன் கொடுத்தாய் என்பதுதான் கேள்வி. தமிழும் ஹிந்தியும் கலந்து கேட்டார், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. நடுவர் முதலில் பொறுமையாகத்தான் விளக்கினார். இது மெதுவாகப் போகிற ரேஸ், கடைசியில் வந்தவர்தான் ஜெயித்தவர். மாமி என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு பெரிய அலை மாதிரி எழும்பி வந்து என் மேல் விழுந்தது. சேற்றுக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாமியும் என்னைச் சேற்றோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நடுவர் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால். அவர் சிரித்த முகத்தோடு, "அவுரத் கா காம் சிலாயி ஹை, மாஜி" என்றார். பெண்ணுக்கு வேலை தையல்தானே அம்மா என்று.

தையல் என்ற சொல்லுக்கு ஹிந்தி என்ன என்று மாமிக்கு நன்றாகத் தெரியும். என் மிஷின் போன நாளிலிருந்து அக்கம்பக்கத்தாரிடம் அதைச் சொல்லித்தானே புலம்பிக்கொண்டிருந்தார்.

"அவ தைக்கவும் செய்வா, ஓட்டவும் செய்வா" என்றார் மாமி. "நீரு விசில் ஊதுததத் தவிர என்னவே செய்வீரு?"

யாரும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டியும் இருக்கவில்லை. நடுவரின் மீசை இறங்கியது. கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போய் விழுந்தது. எனக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. ரேஸ் என்றால் முதலில் வருகிறவருக்குத்தான் பரிசு, கடைசியில் வருகிறவருக்குப் பரிசு கொடுக்க வேண்டுமானால் அதற்கு வேறு பெயர் வையுங்கள் என்று எனக்குத் தெரிந்த பஸ் ஹிந்தியில் சொன்னேன்.

மாமி அதற்குள் மண்டல் பாபுவின் முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பாபு பிளாஸ்க்கைப் பார்த்தார், மாமியின் கையில் ஒட்டியிருந்த செதிளைப் பார்த்தார். "லே லோ, மௌசி" என்று கொடுத்துவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் சித்தி என்று. அவ்வளவுதான். பிளாஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் பாபுவின் மனைவி பிளாஸ்க்கைக் கேட்க வந்தாள். மாமி அவளை உட்காரவைத்து, அதே பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். சூடு ஆறவே இல்லை, நல்ல பிளாஸ்க் என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனாள். பிறகு பல வருஷம் வந்துகொண்டுதான் இருந்தாள். காபிக்கு மட்டும்.

வண்டியை டோங்கியில் கயிறு கட்டி, கடல் ஏறும்போது வெளியே இழுத்தார்கள். எஞ்சினைக் கேட்டு மாமியின் தம்பி மகன் வந்தான். ஓடுகிற வண்டியின் எஞ்சினை எவனாவது கழற்றுவானா என்று மாமியே அவனைத் துரத்திவிட்டார். எஞ்சினுக்குள் உப்பும் சேறும் போய், அப்போது அது ஓடுகிற நிலையில் இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தையல் மிஷினைத் திரும்பக் கேட்கிற பேச்சும் அதோடு நின்றது. நான் மட்டும் சௌல்தாரிக்குப் போனேன். கேட்பதற்கு இல்லை. ஆபாவுக்கு மிஷினை ஓட்டத் தெரியவில்லை, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஆள் அனுப்பியிருந்தார். போய்ச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு வாரத்தில் பாதி நாள் அங்கே உட்கார்ந்து, என்னுடையதாயிருந்த மிஷினில், ஆபாவோடு கூட்டுத் தொழிலாகத் தைத்தேன். நீலப் பாவாடைகளை ஆபா தைத்தார். நான் கல்யாணத் துணி மட்டும்.

சில மாதம் கழித்து, மெயின்லேண்டு கப்பலில் செகண்ட் எஞ்சினியராக இருந்த குரியன் என்ற மலையாளி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சேற்றில் போன வண்டியின் கதை கப்பல்வரை போயிருக்கிறது. சின்ன வயதில் சீமையில் தொழில் படித்தவர், அங்கே பந்தயங்கள் பார்த்துப் பைத்தியமானவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் போனவர் வண்டிக்கு முன்னால் மண்டி போட்டுவிட்டார். எஞ்சின் அடியில் இருந்த சேற்றை விரலால் சுரண்டினார். மூன்று என்ற எண் தெரிந்தது.

அவர்தான் முழுக் கதையையும் சொன்னார். எஞ்சினுக்குள் காற்றைத் திணித்தால் உலகத்தையே ஜெயித்துவிடலாம் என்று ஒரு சின்னக் கம்பெனி நம்பியது. சோதனையாக நான்கே நான்கு வண்டி செய்தார்கள். எல்லாவற்றையும் பந்தயங்களில் விட்டார்கள். ஒன்றில் பிஸ்டன் உருகியது. ஒன்றில் சங்கிலி அறுந்தது. ஒன்றிலிருந்து ஓட்டியவர் பாதியிலேயே குதித்துவிட்டார். எந்தப் பந்தயத்திலும் நான்கில் ஒன்றுகூட முடிவுக் கோட்டைப் பார்க்கவில்லை. கம்பெனி வெறுத்துப்போய் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளியது. மற்ற மூன்றும் சண்டைக் காலத்தில் பழைய இரும்பாகிவிட்டன. மூன்றாம் எண் வண்டி பர்மா போய்த் தொலைந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம்.

"பாவம்" என்றார் குரியன். "ஒரு ரேஸ்கூட முடிக்கலையே இது."

"முடிச்சிருக்கு" என்றேன். "இங்கே. முதலாவதாக."

என்ன ரேஸ் என்று ஆவலாகக் கேட்டார். நான் பதில் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த சூசை, அவராகவே, வாயைத் திறந்து, "ஸ்லோ ரேஸ்" என்றார். குரியன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்கத்தாவில் இப்படிப்பட்ட வண்டிக்குச் சொத்தையே எழுதி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கொடுக்கிறீர்களா என்று போகும்போது கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முடியாது என்றார். சூசை அதை மறுபடி ஓட வைக்க ஐந்தாறு வருஷம் பிடித்தது. ஓடியது. இப்போதும் கொட்டகையில்தான் நிற்கிறது.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் தமிழே மாறிவிட்டது. பரீட்சையில் பெயிலானாலும், பஸ்ஸை விட்டாலும், பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாலும், வீட்டுக்குள் நுழையும்போதே "ஜெயிச்சிட்டேன்" என்று சொல்வதுதான் வழக்கம். யாரும் விளக்கம் கேட்பதில்லை, தட்டில் சோற்றைப் போடுவார்கள். போன மாதம் என் மகள் ரீட்டா ஸ்கூட்டர் லைசென்சு எடுக்கப் போயிருந்தாள். எட்டுப் போட்டுக் காட்டச் சொன்ன இன்ஸ்பெக்டர், இவ்வளவு வேகமாக யாரம்மா எட்டுப் போடுவார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, நான் ஜெயிச்சிட்டேன்" என்றாள்.

எவ்வளவு வேகம் என்று கேட்டேன். சொன்னாள்.

அது போதாது என்றேன்.